எறும்பின் கணக்கு

1978 மார்ச் 3ஆம் தேதி பிரேசில் நாட்டின் சால்வடோர் நகரத்தில், ஒரு ஏழைக் கறுப்பினக் குடும்பத்தில் பெண் குழந்தை ஒன்று பிறந்தது. அன்றைய தேதியில் அந்த நாட்டில் பெண்கள் கால்பந்து ஆடுவது தடைசெய்யப்பட்டிருந்தது. ஊர்க்கட்டுப்பாடு, வீட்டுக்கட்டுப்பாடு என்று நினைத்துவிட வேண்டாம் தோழர்களே. எழுதி, எண் போட்டு, மேலிருந்து கையெழுத்தாகி வந்த சட்டம். அது நீங்கும்போது குழந்தைக்கு ஒரு வயசு.

மிராயில்டஸ் மாசியேல் மோட்டா என்கிற அந்தப் பெண்ணை உலகம் ஃபோர்மீகா என்று அழைக்கிறது. போர்த்துக்கீசிய மொழியில் ஃபோர்மீகா என்றால் எறும்பு. 1995இல் சுவீடனில் பதினேழு வயசில் முதல் உலகக் கோப்பை. 2019இல் பிரான்சில் நாற்பத்தோரு வயசில் கடைசி உலகக் கோப்பை. இடையில் ஒன்றைக்கூட விடவில்லை. மொத்தம் ஏழு. ஆணோ பெண்ணோ, அதுவரை ஏழு உலகக் கோப்பைகளில் ஆடியவர் வேறு யாரும் கிடையாது. ஒலிம்பிக்கில் பெண்கள் கால்பந்து சேர்க்கப்பட்டதே 1996இல்தான். அட்லாண்டாவில் தொடங்கி, 2021இல் நடந்த டோக்கியோ வரைக்கும் அங்கேயும் ஏழு முறை. நாட்டுக்காக இருநூறுக்கும் மேற்பட்ட ஆட்டங்கள். 2004, 2008 ஒலிம்பிக்கில் வெள்ளி. 2007 உலகக் கோப்பையில் இரண்டாம் இடம். தங்கம் மட்டும் இல்லை.

இந்தக் கணக்கைச் சொன்னதும் எல்லாரும் செய்வது ஒன்றுதான்: 'அடேயப்பா!' விடாமுயற்சி, தன்னம்பிக்கை, வயது ஒரு தடையல்ல என்று சுவரொட்டி ஒட்டும் ரகமான பாராட்டுகள் வரிசை கட்டி வருகின்றன. நான் வங்கியில் பேரேடு பார்த்துப் பிழைக்கிறவன். ஒரு கணக்கில் ஒரே பெயர் இருபத்துநாலு வருஷம் தொடர்ந்து வந்தால், அந்தப் பெயரை மெச்சுவதற்கு முன்னால், மற்ற பெயர்களெல்லாம் எங்கே போயின என்றுதான் பார்க்கத் தோன்றும். கால்பந்தையே மதமாக வைத்திருக்கிற, தெருவுக்குத் தெரு பையன்களை உற்பத்தி செய்து ஐரோப்பாவுக்கு ஏற்றுமதி பண்ணுகிற ஒரு நாட்டுக்கு, நாற்பத்தோரு வயசுப் பெண்ணை நடுக்களத்தில் ஓட விடவேண்டிய நிலைமை ஏன் வந்தது? அவருடைய சாதனையைப் பற்றிப் பேசுகிறவர்கள் தொடாமல் விடுகிற கேள்வி இது.

பதில் 1940இல் தொடங்குகிறது. ரியோ டி ஜெனிரோவின் புறநகரங்களில் உழைக்கும் வர்க்கத்துப் பெண்கள் அணி சேர்த்துக் கால்பந்து ஆடிக்கொண்டிருந்தார்கள். பார்க்கக் கூட்டமும் வந்தது. அந்த வருஷம் சாவோ பாவ்லோவின் பகாயெம்பூ மைதானத்திலும் பெண்கள் ஆட்டம் நடந்தது. ஜோசே ஃபுசேய்ரா என்கிற ஒரு குடிமகனுக்கு இது பொறுக்கவில்லை. தாயாவதற்காக இயற்கை படைத்த உடம்பு பந்தாட்டத்தால் கெட்டுப்போகும், நாடு எதிர்காலத் தாய்மார்களை இழந்துவிடும் என்று குடியரசுத் தலைவர் வர்காஸுக்கே கடிதம் எழுதினார். யார் இவர்? மருத்துவரா, விளையாட்டு நிபுணரா? ஒன்றுமில்லை. ஆனால் அதிகாரத்தின் காதுக்கு இப்படிப்பட்டவர்கள் குரல் எவ்வளவு தொலைவிலிருந்தும் கேட்டுவிடும். கடிதம் சுகாதாரத் துறைக்குப் போனது. மருத்துவர்களும் தலையாட்டினார்கள். 1941 ஏப்ரல் 14ஆம் தேதி ஆணைச் சட்டம் 3199 வந்தது. அதன் 54ஆம் பிரிவு, பெண்கள் தங்கள் இயல்பின் நிலைமைகளுக்கு ஒவ்வாத விளையாட்டுகளில் ஈடுபட அனுமதி இல்லை என்றது.

'இயல்பு.' இந்தச் சொல்லை எந்தச் சட்டப் புத்தகத்தில் பார்த்தாலும் நம்மாட்களுக்கு மூக்கு வேர்க்கும். வேர்க்கட்டும். யாரை எங்கே நிறுத்த வேண்டும் என்று முதலில் முடிவு பண்ணிவிடுவது, பிறகு அவர்களுடைய பிறப்பிலேயே, உடம்பிலேயே அது எழுதியிருப்பதாகப் படித்துக் காட்டுவது... இதற்கு உலகம் முழுக்க ஒரே இலக்கணம்தான். இயல்பிலேயே ஒவ்வாது என்றால் தடைச் சட்டம் எதற்கு என்று யாரும் கேட்கவில்லை. மீனைப் பறக்காதே என்று எவனாவது சட்டம் போடுவானா? ஆடினார்கள், நன்றாகவே ஆடினார்கள், கூட்டமும் வந்தது. அதனால்தான் சட்டம் வேண்டியிருந்தது. இங்கிலாந்திலும் இதே கதைதான். அங்கே பெண்கள் ஆட்டத்துக்குப் பல்லாயிரக்கணக்கில் கூட்டம் சேர்ந்த பிறகுதான், 1921 டிசம்பரில் கால்பந்துச் சங்கம் தன் மைதானங்களைப் பெண்களுக்குச் சாத்தியது. ஐம்பது வருஷம் திறக்கவில்லை.

பிரேசிலில் ராணுவ ஆட்சி வந்த பின்பு, 1965இல், எந்தெந்த விளையாட்டு என்பதையும் பெயர் சொல்லி எழுதிவிட்டார்கள்: கால்பந்து, உள்ளரங்கக் கால்பந்து, கடற்கரைக் கால்பந்து... ஒன்றையும் விட்டுவைக்கவில்லை. 1979இல்தான் தடை நீங்கியது. முப்பத்தெட்டு வருஷம். இந்த முப்பத்தெட்டு வருஷத்தில்தான் அந்த நாட்டு ஆண்கள் 1958, 1962, 1970 என மூன்று உலகக் கோப்பைகளைத் தூக்கினார்கள், பெலே உலகத்தின் ராஜாவானார் என்பதையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். 'கால்பந்து எங்கள் ரத்தத்தில் இருக்கிறது' என்று ஒரு தேசம் தன்னைப் பற்றிக் கதை கட்டிக்கொண்ட அதே காலத்தில், அதன் பாதி ரத்தத்துக்கு மைதானத்தில் கால்வைக்க உரிமையில்லை.

தடை நீங்கிவிட்டால் மட்டும் போதுமா? சட்டம் செத்தாலும் அதன் வீட்டு ஏஜெண்டுகள் சாகவில்லை. ஃபோர்மீகா கைக்குழந்தையாக இருக்கும்போதே அப்பா இறந்துவிட்டார். அம்மா உழைத்துக் கரையேற்றினார். பையன்களோடு பந்து விளையாடியதற்காக அண்ணன்களிடம் அடி வாங்கியதை அவரே பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். 54ஆம் பிரிவை அந்த அண்ணன்கள் படித்திருக்க வாய்ப்பில்லை. படிக்க வேண்டிய அவசியமும் இல்லை, கையில் இருந்தது.

எறும்பு என்கிற பெயர் சின்ன வயசில் வந்தது. ஓயாமல் ஓடுகிறாள், தனக்கென்று வைத்துக்கொள்ளாமல் அணிக்காக உழைக்கிறாள் என்று ஆட்டம் பார்த்த ஒருவர் வைத்த பெயர். அதைப் பெருமையோடுதான் சுமந்தார், அதில் எனக்குக் குறுக்கே பேச ஒன்றுமில்லை. ஆனால் பத்திரிகைகள் அந்தப் பெயரை வைத்துப் பண்ணிய வேலை வேறு. (எங்களைப் போன்ற கவிஞர்களும் லேசுப்பட்டவர்கள் இல்லை. எறும்பு கையில் கிடைத்தால் அது தேய்க்கிற கல்லையும் தேடிக் கொண்டுவந்துவிடுவோம்.) மார்த்தா அரசி. ஃபோர்மீகா எறும்பு. ஒருத்திக்குக் கிரீடம், இன்னொருத்திக்குச் சுமை.

மார்த்தாவைக் குறைத்துச் சொல்வதாக யாரும் சண்டைக்கு வர வேண்டாம். அலகோவாஸ் மாநிலத்தின் வறண்ட பூமியிலிருந்து பதினாலு வயசில் பஸ் ஏறி ரியோவுக்குப் போனவர், ஆறு முறை உலகின் சிறந்த ஆட்டக்காரராகத் தேர்வானவர், உலகக் கோப்பைகளில் 17 கோல் போட்டவர். அவரும் யாரும் தாங்கிப் பிடிக்காமல் வந்தவர்தான். நான் சொல்வது பார்க்கிற கண்ணைப் பற்றி. 2015 ஜூன் 9, கனடாவின் மாண்ட்ரியல் நகரம், தென்கொரியாவுக்கு எதிரான ஆட்டம். எதிரணிக்காரி ஒருவர் தன் கோல்கீப்பருக்குப் பின்பக்கமாகத் தட்டிய பந்து சரியாகப் போகவில்லை. அது அப்படிப் போகும் என்று மைதானத்திலேயே ஒருவருக்குத்தான் முன்கூட்டித் தெரிந்திருந்தது. ஃபோர்மீகா போய் நின்றார், அடித்தார், கோல். முப்பத்தேழு வயசு. பெண்கள் உலகக் கோப்பையில் அந்த வயசில் கோல் போட்டவர் அதற்கு முன் இல்லை. அதே ஆட்டத்தின் இரண்டாம் பாதியில் மார்த்தா பெனால்டியில் ஒரு கோல் போட்டார். உலகக் கோப்பைகளில் அவருக்கு 15ஆவது கோல், அதுவும் சாதனை. மறுநாள் தலைப்பு யாருக்குப் போயிருக்கும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

அந்தக் கோலை நான் செல்போனில் திரும்பத் திரும்பப் பார்த்திருக்கிறேன். கால்பந்து தெரிந்தவர்களுக்குத் தெரியும், தடுப்பு நடுக்களத்தில் ஆடுகிறவரின் வேலை பாதிக்கு மேல் கேமராவில் விழாது. பந்து இருக்கிற இடத்துக்கு எல்லாரும் ஓடுவார்கள். பந்து வரப்போகிற இடத்துக்கு இவர் நடப்பார். எதிரணி நீட்டப்போகிற பாதையில் ஒரு காலை வைத்து வழியை அடைப்பார், பிடுங்கியதை இரண்டு தட்டில் பக்கத்து ஆளிடம் ஒப்படைப்பார். இது மூளை வேலை. இருபத்தஞ்சு வருஷம் ஓடியது கால் மட்டுமில்லை, ஆட்டத்தைப் படிக்கிற ஒரு பெரிய அறிவு. ஆனால் ஒரு கறுப்பினப் பெண் இதைச் செய்தால் 'உழைப்பு' என்கிறார்கள். வெள்ளை ஆண் செய்தால் 'ஆட்டத்தின் சிந்தனையாளர்' என்று புத்தகம் போடுகிறார்கள். 1888 வரைக்கும், அமெரிக்கக் கண்டங்களிலேயே கடைசி நாடாக, அடிமை முறையை வைத்திருந்த தேசம் அது. சால்வடோர் அந்த அடிமைக் கப்பல்கள் வந்து நின்ற துறைமுகம். அங்கே கறுப்பு உடம்பை உழைப்பாக மட்டும் பார்க்கிற கண்ணுக்கு வரலாறு ரொம்ப நீளம்.

சரி, இயல்பு என்கிற சொல் 1979க்குப் பிறகு என்ன ஆனது? வேஷம் மாற்றிக்கொண்டது. 2001இல் சாவோ பாவ்லோ மாநிலக் கூட்டமைப்பு பெண்கள் போட்டி ஒன்று நடத்தியது. ஆண் பார்வையாளர்களை இழுக்க ஆட்டக்காரிகளின் அழகையும் கவர்ச்சியையும் முன்னே வைப்பது என்று திட்டம் போட்டார்கள். மொட்டைத் தலை கூடாது. வயசு இருபத்து மூன்றுக்கு மேல் போகக் கூடாது. 1999 உலகக் கோப்பையில் ஏழு கோல் போட்டு, அதிகக் கோல் அடித்தவர் பட்டத்தைச் சீனாவின் சுன் வென்னோடு பகிர்ந்துகொண்ட சிஸ்ஸி, அதே பாஹியா மாநிலத்துக்காரி, தலையை மழித்துக்கொண்டு ஆடியவர். அவருக்கு அந்தப் போட்டியில் இடமில்லை! முன்பு ஆடினால் தாயாக முடியாது என்றார்கள். இப்போது ஆடு, ஆனால் எங்கள் கண்ணுக்கு விருந்தாக ஆடு என்கிறார்கள்.

இதுவும் பழங்கதை என்று நினைத்தால், ஃபோர்மீகா அந்தக் கோலைப் போட்ட அதே 2015 உலகக் கோப்பையின்போது, பிரேசில் கால்பந்துக் கூட்டமைப்பில் பெண்கள் பிரிவுக்குப் பொறுப்பாக இருந்த மார்கோ அவுரேலியோ குன்யா ஒரு கனடியப் பத்திரிகைக்குப் பேட்டி கொடுத்தார். இப்போதெல்லாம் பெண்கள் அழகாகிக்கொண்டு வருகிறார்கள், ஒப்பனை செய்துகொள்கிறார்கள், கால்சட்டை கொஞ்சம் குட்டையாகியிருக்கிறது, அதனால் ஆட்டம் வளரும் என்பது அதன் சாரம். பொறுப்பில் இருக்கிறவர் பேச்சு இது. முப்பத்தேழு வயசில் கோல் போட்ட பெண்ணை அணியில் வைத்துக்கொண்டு, அவர் அளந்தது கால்சட்டையின் நீளத்தை.

இனி பண விவகாரம். தொண்ணூறுகளில் பிரேசில் பெண்கள் அணி ஆடியது ஆண்கள் அணி போட்டுக் கழித்த ஜெர்சியில். மஞ்சள் சட்டை, உலகமே மயங்குகிற மஞ்சள் சட்டை, தோளில் தொளதொளவென்று தொங்க, அதிலேயே ஆடி 1996 ஒலிம்பிக்கில் நாலாவது இடம், 1999 உலகக் கோப்பையில் மூன்றாவது இடம். 2007இல் சீனாவில் அரையிறுதியில் அமெரிக்காவை நாலுக்குப் பூஜ்யம் என்று நொறுக்கினார்கள். இறுதி ஆட்டத்தில் ஜெர்மனியிடம் தோற்றார்கள். பதக்கம் வாங்கப் போனபோது கையால் எழுதிய ஒரு பேனரைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். பிரேசிலே, எங்களுக்கு ஆதரவு வேண்டும் என்று அதில் எழுதியிருந்தது. உலகத்தில் இரண்டாவதாக வந்த அணி மேடையில் நின்றுகொண்டு தன் சொந்த நாட்டிடம் மனுக் கொடுக்கிறது!

மனு எங்கே போயிற்று? 2009, 2010இல் தென்னமெரிக்க கிளப் கோப்பையை வென்ற சாண்டோஸ் கிளப்பின் பெண்கள் அணி 2012 தொடக்கத்தில் இழுத்து மூடப்பட்டது. செலவு கட்டுப்படி ஆகவில்லையாம். நெய்மார் ஐரோப்பாவுக்குப் போய்விடாமல் இருக்க அதே கிளப் அவரோடு பெரும் சம்பளத்தில் ஒப்பந்தத்தை நீட்டி இரண்டு மாசம்கூட ஆகவில்லை. பெரிய கிளப்புகள் இப்படிக் கை கழுவிய காலத்தில் ஃபோர்மீகா சாவோ ஜோசே என்கிற ஊரின் அணியில் ஆடினார். 2011, 2013, 2014 என்று மூன்று முறை அந்தத் தென்னமெரிக்கக் கோப்பை அந்த ஊருக்குத்தான் போனது.

இப்போது நான் முதலில் கேட்ட கேள்விக்கு வரலாம். 2016 டிசம்பரில் அமேசான் காட்டு நகரமான மனாவுஸில் ஃபோர்மீகா தேசிய அணியிலிருந்து விடைபெற்றார். முப்பத்தெட்டு வயசு. போதும் என்று நினைத்தார். அந்த நேரத்தில்தான் பெண்கள் அணிக்கு முதல்முறையாக ஒரு பெண், எமிலி லிமா, பயிற்சியாளராக வந்திருந்தார். பத்து மாசத்தில் அவரைத் தூக்கியடித்தார்கள். ஆட்டக்காரிகள் வேண்டாம் என்று கேட்டும் கேட்கவில்லை. கிறிஸ்தியானே உள்ளிட்ட சிலர் எதிர்ப்புத் தெரிவித்து அணியை விட்டே விலகினார்கள். பழைய பயிற்சியாளர் வாதாவ் திரும்ப வந்தார். வந்தவர் 2018இல் யாரைக் கூப்பிட்டார்? விடைபெற்றுப் போன எறும்பைத்தான். இருபது கோடிப் பேர் இருக்கிற நாட்டில் அந்த இடத்துக்கு ஒரு சின்னப் பெண்ணை வளர்த்து வைத்திருக்கவில்லை. சிறுமிகளுக்குப் பள்ளி அளவில் போட்டி இல்லை, வயசுவாரி அணிகள் இல்லை, கிளப்புகள் திறப்பதும் மூடுவதுமாக இருந்தன. முதல் பிரிவு ஆண்கள் கிளப்புகள் கட்டாயம் பெண்கள் அணியும் வைத்திருக்க வேண்டும் என்ற விதி நடைமுறைக்கு வந்ததே 2019இல்தான்.

எங்கள் கவுண்டரில் தினம் ஒருவராவது வருவார். கடன் வாங்கினவன் ஊரைவிட்டுப் போயிருப்பான். ஜாமீன் கையெழுத்துப் போட்டவர் அசலுக்கும் வட்டிக்கும் கட்டிக்கொண்டிருப்பார். ஃபோர்மீகா கட்டியதும் அப்படிப்பட்ட பாக்கிதான், அதுவும் கையெழுத்தே போடாமல். முப்பத்தெட்டு வருஷம் ஒரு அரசாங்கம் பெண்களிடமிருந்து எடுத்துக்கொண்டதை, அதற்கு மேல் ஒரு கூட்டமைப்பு நாற்பது வருஷம் திருப்பித் தராமல் இழுத்தடித்ததை, ஒரு பெண்ணின் முழங்கால்கள் கட்டின. 2019இல் அவரோடு ஆடிய சில பெண்கள், அவர் முதல் உலகக் கோப்பை ஆடியபோது பிறந்திருக்கவே இல்லை. பிரான்சிடம் தோற்று வெளியேறிய அன்று மார்த்தா கேமராவைப் பார்த்துக் கண்ணீரோடு பேசியதில், ஒரு ஃபோர்மீகா என்றென்றைக்கும் இருக்கமாட்டார், ஒரு மார்த்தா இருக்கமாட்டார், ஒரு கிறிஸ்தியானே இருக்கமாட்டார் என்று சின்னப் பெண்களிடம் சொன்னார். ஊக்க உரை என்று அதைப் பரப்பினார்கள். எனக்கு அது கூட்டமைப்பின் முகத்தில் விழுந்த வசை மாதிரித்தான் கேட்டது.

சங்கத் தோழர் ஒருவர் என்னிடம் சண்டை போட்டார். 'நீ எல்லாத்தையும் வலியாவே பாக்குற. அந்தம்மாவுக்கு ஆட்டம் சந்தோஷம்யா, அதனாலதான் ஆடுனாங்க. அவங்க ஜெயிச்சவங்க, பாதிக்கப்பட்டவங்க இல்ல' என்றார். நியாயமான பேச்சு. சந்தோஷம் இல்லாமல் எவரும் முப்பது வருஷம் பந்தை உதைக்க முடியாது. 2021இல், நாற்பத்து மூன்று வயசில், பாரீஸ் செயின்ட் ஜெர்மன் அணியில் இருந்து பிரெஞ்சு லீக் பட்டம் வாங்கிய முகத்தைப் பார்த்தவர்கள் வலி என்று சொல்லமாட்டார்கள். ஆனால் தோழர், அவருடைய சந்தோஷத்தைக் காட்டி மற்றவர்களின் பொறுப்பைக் கழுவிவிடக் கூடாது. அந்தச் சந்தோஷம் கிடைத்தது ஒரு ஃபோர்மீகாவுக்கு, ஒரு மார்த்தாவுக்கு. அண்ணனிடம் வாங்கின முதல் அடியோடு பந்தை விட்டுவிட்ட பெண்கள் எத்தனை பேர் என்று எந்தப் பேரேட்டிலும் இல்லை. அவர்களைத் தோற்றவர்கள் என்று எப்படிச் சொல்வது? ஆட்டத்துக்கே கூப்பிடப்படாதவர்கள்.

சில மாற்றங்கள் வந்துதான் இருக்கின்றன. 2020 செப்டம்பரில் தேசிய அணிக்கு ஆடுகிற ஆண், பெண் இருவருக்கும் ஒரே தினப்படி, ஒரே ஊக்கத்தொகை என்று கூட்டமைப்பு அறிவித்தது. அதை அறிவித்த தலைவர் ரொஜேரியோ கபோக்லோ அடுத்த வருஷமே, பெண் ஊழியர் கொடுத்த பாலியல் தொல்லைப் புகாரில் பதவியிலிருந்து நிறுத்தி வைக்கப்பட்டார். சமத்துவம் மேலேயிருந்து கருணையாக இறங்கி வருவதாக நம்புகிறவர்கள் இந்த இரண்டு செய்தியையும் ஒன்றாக வெட்டி வைத்துக்கொள்ளலாம்.

ஃபோர்மீகா இரண்டாவது முறை விடைபெற்றதும் அதே மனாவுஸில்தான், 2021 நவம்பர் 25ஆம் தேதி. எதிரணி இந்தியா என்பதால் இங்கே சிலருக்கு அந்த ஆட்டம் ஞாபகமிருக்கும். ஆறுக்கு ஒன்று என்று தோற்றோம். அந்த ஒன்றை மனிஷா கல்யாண் போட்டார். இரண்டாம் பாதியின் கடைசிப் பகுதியில் எறும்பு உள்ளே வந்தார், கொஞ்ச நேரம் ஆடினார், முடித்துக்கொண்டார். இந்த முறை யாரும் திரும்பக் கூப்பிடவில்லை. அடுத்த ஒலிம்பிக்கில், 2024இல் பாரீஸில், அவர் இல்லாத அணி வெள்ளி வாங்கியது.

2027 உலகக் கோப்பையை பிரேசிலுக்குக் கொடுப்பதென்று 2024 மே மாதம் பாங்காக்கில் கூடிய ஃபிஃபா மாநாடு முடிவெடுத்தது. தேர்வான எட்டு நகரங்களில் சால்வடோரும் ஒன்று. ஃபோன்டே நோவா மைதானத்தில் விளக்குப் போடுவார்கள், வரவேற்பு வளைவு வைப்பார்கள், ஃபோர்மீகாவை மாலை போட்டு மேடையில் உட்கார வைத்தாலும் வைப்பார்கள். வைக்கட்டும், அவருக்கு உரியதுதான். அதே ஊரின் புறநகரில் பள்ளிக்கூடம் விட்டு வருகிற பத்து வயசுக் கறுப்பினச் சிறுமிக்கு, போட்டியெல்லாம் முடிந்து எல்லாரும் விமானம் ஏறிப் போன பிறகு ஒரு சாதாரண செவ்வாய்க்கிழமை சாயங்காலம், ஆட ஒரு மைதானமும் சொல்லிக்கொடுக்க ஒரு பயிற்சியாளரும் இருக்கிறார்களா என்று யாராவது போய்ப் பார்த்து எழுதினால் நான் படிக்கக் காத்திருக்கிறேன்.